முட்டையில் ஒன்றுமில்லை

ஓர் அறையில் எங்கேயாவது காற்று கசிகிறது என்று தெரிந்துவிட்டால் டேப்புவுக்குச் சோறு இறங்காது. குளிர்க்கிடங்குகளில் அப்படிக் கசியும் இடங்களைக் கண்டுபிடித்து அடைப்பதுதான் அவன் பிழைப்பு. பதினெட்டு வருடமாக அதே வேலை. பழமும் மீனும் மருந்தும் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும் பெரிய பெரிய அறைகள். ஒரு விரல் நுழையும் இடைவெளி போதும், குளிர் வெளியே ஓடிவிடும், சரக்கு அழுகிவிடும், கிடங்கு மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அப்போது இவனைக் கூப்பிடுவார்கள். மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டு சுவர் ஓரமாகவே நடப்பான். சுடர் எங்கே சாய்கிறதோ அங்கே நிற்பான். இடுப்பில் தொங்கும் வெள்ளி நிற டேப்பை உருவி, பல்லால் கடித்துக் கிழித்து, கட்டை விரலால் ஒரே தேய்ப்பு. அவன் ஒட்டிய டேப்பில் ஒரு சுருக்கம் காட்டிவிட முடியாது. அதனால்தான் அவனுக்கு டேப்பு என்றே பெயர் விழுந்தது. கிடங்கில் ஆரம்பித்த பெயர் வீடு வரைக்கும் வந்து, மாமியார்கூட "டேப்பு மாப்பிள்ளை" என்று கூப்பிடுகிற அளவுக்குப் போய்விட்டது.

கிடங்கோடு நின்றிருந்தால் பரவாயில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் அவன் கண் கதவிடுக்கில்தான் இருக்கும். "பொண்ணு பாக்க வந்தப்ப என்னைப் பாத்தாரோ இல்லையோ, எங்க வீட்டு ஜன்னலை நல்லாப் பாத்தார்" என்று அவன் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். கெட்டவன் இல்லை. தொழில் தெரிந்தவன். தொழில் தெரிந்த ஆளுக்கு, தெரியாத ஆள் எது சொன்னாலும் காதில் ஏறாது, இவனுக்கும் ஏறாது. அந்த ஒரு குணம் தன்னை எங்கே கொண்டு போய் நிறுத்தும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

டேப்புவுக்கு ஒரே அக்கா, ஆறு வயது மூத்தவள். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட, தம்பியை இடுப்பிலேயே சுமந்து வளர்த்ததாக அக்கா சொல்லிக்கொள்வாள். ஆறு வயதுப் பிள்ளை எவ்வளவு தூரம் சுமந்திருக்கும் என்று அவளிடம் கேட்கும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை. அவள் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் தலைமைச் சமையல்காரி. இருபத்திரண்டு வருடமாக, தினம் நானூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறாள். இதுவரை ஒரு பிள்ளை வயிற்று வலி என்று படுத்ததில்லை. மற்றவர்கள் பதவியைச் சொல்வது போல அவள் இதைத்தான் சொல்லிக்கொள்வாள். முட்டை போடுகிற நாளில் ஒவ்வொரு முட்டையையும் ஒரு சின்னக் கிண்ணத்தில் உடைத்து, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, பிறகுதான் பெரிய பாத்திரத்தில் ஊற்றுவாள். நானூறு முட்டைக்கு நானூறு தடவை. கூட வேலை செய்பவர்கள் சலித்துக்கொண்டால், "வயித்தப் புடிச்சிக்கிட்டு அழுவுற பிள்ளைக்கு நீ போய் பதில் சொல்றியா?" என்று கேட்பாள். 

பாலைவனத்துக்குப் போகலாம் என்று ஆரம்பித்தது அத்தான். அக்காவின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடிச் சில்லு தேய்க்கும் வேலை. நாள் முழுக்க ஒரு சில்லையே உற்றுப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பதாலோ என்னவோ, கடையை விட்டு வெளியே வந்தால் வாய் மூடவே மூடாது. வாடகைக்கு விடுகிற ஒரு வீட்டின் படத்தைப் போனில் காட்டினார். வெள்ளைச் சுவர், நீலக் கதவு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல். பக்கத்து வீடு என்று ஒன்று கிடையாது.

"பக்கத்து வீடே இல்லாத இடத்துல போய் என்ன பண்றது?" என்றாள் அக்கா.

"உன் சத்தம் யாருக்கும் கேக்காதுல்ல, அதான்" என்றார் அத்தான்.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். மூன்று நாளும் கரண்டியைத் தொட மாட்டேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கிளம்புகிற அன்று காரின் பின்பக்கத்தைத் திறந்தால் அரிசி, உருளைக்கிழங்கு, எண்ணெய், இரண்டு டஜன் முட்டை எல்லாம் இருக்கிறது. யார் வைத்தது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. டேப்பு, அவன் மனைவி, குட்டி என்று எல்லோரும் கூப்பிடும் பதினொரு வயது மகள், அக்கா, அத்தான். ஐந்து பேர், ஒரு கார்.

வீட்டை அடைந்தபோது மத்தியானம். வெயில் மண்டையைப் பிளந்தது, கூடவே காற்று. சாவி கதவுக்குப் பக்கத்துத் தொட்டியில் இருந்தது. உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் போன் பண்ணினார்.

"சார், சமையல்ரூம் சுவத்துல மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, வலை போட்டு ரெண்டு ஓட்டை இருக்கும். மணல் வரத்தான் செய்யும். கண்டுக்காதீங்க, பெருக்கித் தள்ளிடுங்க."

டேப்பு சரி சரி என்று போனை வைத்துவிட்டுச் சிரித்தான். "கேட்டீங்களா அத்தான்? மணல் வருமாம், கண்டுக்காதீங்களாம். இவன் கட்டினது வீடா, சல்லடையா?"

எதற்காக விட்ட ஓட்டை என்று அவன் கேட்கவில்லை. வீட்டுக்காரரும் சொல்லவில்லை.

சாப்பிட்ட கையோடு மெழுகுவத்தியை ஏற்றிவிட்டான். "லீவு போட்டது நீங்களா, உங்க மெழுகுவத்தியா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். குட்டி மட்டும் டேப்பை ஏந்திக்கொண்டு அப்பாவின் பின்னாலேயே நடந்தாள். வாசல் கதவின் அடி, ஜன்னல் சட்டம், குழாய் நுழையும் இடம் என்று பதினைந்து இடம். கடைசியாகச் சமையலறை. சுவரில் ஒரு பழைய கேஸ் கீசர். குளியலறைக்கும் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கும் அதிலிருந்துதான் வெந்நீர். அதற்கு மேலே ஒரு சதுர ஓட்டை, கீழே ஒரு சதுர ஓட்டை. மணல் கோடு போட்டதைப் போல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. கீசரை விரலால் தட்டி, "தாத்தா காலத்து மாடல்" என்றான். ஸ்டூலில் ஏறினான். இரண்டையும் நாலு வரிசை டேப் போட்டு அடைத்தான்.

கேஸ் எரிகிற அறையில் காற்றுக்கு வழி இருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாததா? கிடங்கில் வருடா வருடம் பாதுகாப்பு வகுப்பு நடக்கும், கையெழுத்துப் போட்டுவிட்டு வருவான். தெரியும். அந்த நிமிடம் நினைப்பு வரவில்லை. ஓட்டையைப் பார்த்ததும் கை போய்விட்டது, அவ்வளவுதான்.

அடைத்து முடித்ததும் காற்றின் ஊளை நின்றது. வீடே கப்பென்று ஆகிவிட்டது. "என் தம்பி கை வச்சா பேய்கூட உள்ள நுழைய முடியாது" என்றாள் அக்கா. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பொழுது சாய்ந்ததும் பாலைவனம் சில்லிட்டுப் போனது. மேலெல்லாம் மணல் என்று ஒருவர் பின் ஒருவராக வெந்நீரில் குளித்தார்கள். கரண்டியைத் தொட மாட்டேன் என்ற அக்கா, முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து முகர்ந்துகொண்டிருந்தாள். குட்டி லேசாகத் தலைவலி என்றாள். வந்த அலுப்பு என்று சொல்லிப் படுக்க வைத்தார்கள்.

மறுநாள் விடிந்தபோது டேப்புவுக்கும் மண்டை கனத்தது. ஆனால் ஏசி குளிர்ச்சி போதவில்லை என்று ராத்திரியே கண்டுபிடித்திருந்தான். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போய் அதன் வெளிப்பெட்டியைக் கழற்ற ஆரம்பித்தான். மணல்காற்று சுழன்று அடித்தது. பத்து நிமிடத்தில் மண்டைக் கனம் போன இடம் தெரியவில்லை. "நம்மகிட்ட எந்த நோவும் நிக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

உள்ளே மற்றவர்கள் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். காலையிலும் எல்லோரும் வெந்நீரில் குளித்தார்கள். நடுவில் ஒரு தடவை குட்டி பின்பக்க ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினாள்.

"அப்பா, தலை சுத்துது. கொஞ்ச நேரம் தொறந்து வச்சுக்கட்டுமா?"

"மூடு, மூடு! வீடு பூரா மணலாயிடும். நேத்து நான் பட்ட பாடு உனக்கு விளையாட்டாப் போச்சா?"

குட்டி மூடிவிட்டாள். அவன் போட்ட டேப்பையும் பழையபடி அழுத்தி ஒட்டிவிட்டாள்.

அவன் வேலையை முடித்துவிட்டு உள்ளே வந்தபோது மணி பத்து இருக்கும். மனைவி குளியலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவை வாந்தி. குட்டி சோபாவில் சுருண்டு கிடந்தாள். அத்தான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வாயே திறக்காமல் இருந்தார். அத்தான் பேசாமல் இருக்கிறார் என்றால் நிலைமை மோசம் என்று அர்த்தம். பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு அழுகை வரும். டேப்புவுக்குக் கோபம்தான் வரும்.

"என்னக்கா போட்ட நேத்து? முட்டை கெட்டுப்போச்சு, அதான்!"

அக்கா ஈரத்துணியோடு குட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "இல்லடா. ஒண்ணொண்ணா மோந்து பாத்துத்தான் போட்டேன்."

"மோந்து பாத்தியாம். அத்தனை வெயில்ல காலைலேர்ந்து வண்டிக்குள்ள வெந்துக்கிட்டு கெடந்த முட்டை. எல்லாருக்கும் ஒரே மாதிரி வந்திருக்கே, வேற என்னவாம்? கரண்டியத் தொட மாட்டேன்னு சொன்னல்ல, தொடாம இருந்திருக்கலாம்ல?"

"நீயும்தானேடா சாப்ட்ட?"

"எனக்கு வயிறு கல்லு. குட்டியப் பாரு!"

அக்கா குட்டியைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் கையால் சாப்பிட்டு ஒரு பிள்ளை இப்படிக் கிடந்து அவள் பார்த்ததில்லை. முகம் செத்துப்போய்விட்டது. அவளுக்கும் காலையிலிருந்து தலை சுற்றிக்கொண்டுதான் இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. ஈரத்துணியை மேஜையில் வைத்துவிட்டு, "பாத்திரமெல்லாம் கொதிக்கிற தண்ணில கழுவிடறேன். நீங்க ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க, வந்துடறேன்" என்று சமையலறைக்குள் போனாள். தலைவலிக்காரர்களுக்குப் பாத்திரச் சத்தம் கேட்கக் கூடாது என்று கதவையும் சாத்திக்கொண்டாள்.

ஒரு மணி நேரப் பயணத்தில் ஆஸ்பத்திரி இருந்தது. டேப்பு காரின் கண்ணாடியில் படிந்த மணலைத் துடைத்தான். குட்டியைத் தூக்கி வந்து பின்சீட்டில் கிடத்தினான். மனைவியையும் அத்தானையும் தாங்கி வந்து உட்கார வைத்தான். காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது, கார் கதவுகள் திறந்தே இருந்தன. கொஞ்ச நேரத்தில் குட்டி எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, இங்க தலை வலிக்கல."

"எனக்கும் பரவால்ல மாப்பிள்ளை" என்றார் அத்தான். "வாந்தியெடுத்ததுல விஷம் எறங்கிடுச்சு போல."

வாந்தியெடுத்தது அவர் இல்லை, டேப்புவின் மனைவி. அதைக்கூட யாரும் யோசிக்கவில்லை. டேப்பு ஆரன் அடித்தான். அக்கா வரவில்லை. இன்னொரு தடவை அடித்தான்.

"நீங்க அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது" என்றாள் மனைவி. "அண்ணி கோச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. போய் நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லிக் கூட்டிட்டு வாங்க."

"இவளுக்கு நான் தாஜா வேற பண்ணணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனான். சமையலறைக் கதவுக்கு வெளியே நின்று, "வாக்கா, முட்டைய விடு, போலாம்" என்றான். தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கதவைத் தள்ளினான். பாதிதான் திறந்தது. அந்தப் பக்கம் அக்காவின் கால் தடுத்தது.

ஆவி மூட்டமாக இருந்தது. அக்கா தொட்டிக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தாள். கையில் இன்னும் தேய்ப்பான் இருந்தது. குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கீசருக்குள் நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக, நாக்கு நாக்காக ஆடிக்கொண்டிருந்தது. மேலே சுவரில் கரி. கரிக்கு நடுவில் அவனுடைய நாலு வரிசை டேப், ஒரு சுருக்கம் இல்லாமல்.

யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதினெட்டு வருடம் காற்றோடு வேலை செய்தவன், ஒரே பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது. முட்டை இல்லை. வெயில் இல்லை. நான். இந்தக் கை.

அடுத்து அவன் செய்ததை இன்றுவரை அவனால் மன்னிக்க முடியவில்லை. அக்காவைத் தூக்கவில்லை. ஸ்டூலில் ஏறி டேப்பைக் கிழித்தான். நகம் பிய்ந்தது, இரண்டு வரிசைதான் வந்தது. பிறகுதான் கீழே குதித்து அக்காவின் அக்குளில் கை கொடுத்து இழுத்தான். பத்து வினாடி இருக்கும், இருபது இருக்கும். ஏன் அப்படிச் செய்தான்? காற்று வரட்டும் என்றா, யாரும் பார்ப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றா? எத்தனையோ தடவை தன்னையே கேட்டுப் பார்த்துவிட்டான்.

வண்டியை எப்படி ஓட்டினான் என்று அவனுக்கு நினைவில்லை. மனைவி, அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு "அண்ணி, அண்ணி" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். அத்தான், "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்காவின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மற்றவர்களுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தி வந்து கேட்டாள்.

"மூடின ரூம்ல கேஸ் எரிஞ்சிருக்கு. அந்தப் புகைக்கு நெடியும் கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. அந்த ரூம்ல காத்து வர்றதுக்கு வழியே இல்லையா?"

"இல்ல டாக்டர்" என்றார் அத்தான் ஆத்திரமாக. "வீடா கட்டி வச்சிருக்கான் அவன்? பெட்டி! அவன சும்மா விடப் போறதில்ல நான்."

டேப்பு சும்மா இருந்திருக்கலாம். அந்த இடத்தில் எல்லோரும் அவனைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். கதவைத் தள்ளி உள்ளே போய் அக்காவை இழுத்து வந்தவன் அவன்தானே.

"வழி இருந்துச்சு டாக்டர்" என்றான். "ரெண்டு ஓட்டை. நான்தான் அடச்சேன்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். அத்தான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அவன் தோளில் இருந்த மனைவியின் கை மெல்ல விலகியது. சாயங்காலம் வரைக்கும் அவள் ஒன்றும் பேசவில்லை. பேசியபோது ஒன்றுதான் கேட்டாள்.

"குட்டி ஜன்னலைத் தொறந்தப்ப, மூடச் சொன்னது நீங்கதானே?"

அவன் தலையை ஆட்டினான். அவள் எழுந்து போய்க் குட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் அக்கா கண் திறந்தாள். போன உயிர் திரும்பி வந்தது போலத்தான் எல்லோருக்கும் இருந்தது. எல்லோரையும் அடையாளம் தெரிந்தது. அத்தானிடம் "மொகத்த வழிச்சா என்ன?" என்றுகூடக் கேட்டாள். ஆனால் புதிதாகச் சொன்ன எதுவும் அவளிடம் தங்கவில்லை. காலையில் சொன்னது மத்தியானம் இருக்காது. பாலைவனத்து வீடு வரைக்கும் எல்லாம் பளிச்சென்று நினைவில் இருந்தது. குட்டி சோபாவில் சுருண்டு கிடந்தது, டேப்பு கத்தியது, வெந்நீர்க் குழாயைத் திறந்தது, அதோடு சரி. சொந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றிய பிறகும் அதே கதை. சரியாகலாம், மாதக்கணக்கு ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றார்கள்.

தினமும் தூங்கி எழுந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "குட்டி எப்பிடி இருக்கா? முட்டையாலதானா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ படு" என்பார் அத்தான். அப்படி மழுப்பினால் அக்காவுக்கு என்ன அர்த்தம் ஆகும்? முட்டைதான் என்று அர்த்தம் ஆகும். வலது கையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பாள். "மோந்துதானே பாத்தேன்... என் மூக்கு போயிடுச்சா? இனி எப்பிடிப் பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போடுவேன்?" என்று அழுவாள். அழுது தூங்கி, எழுந்து, மறுபடி கேட்பாள்.

நாலு நாள் டேப்பு கதவோரமாக நின்று இதைப் பார்த்தான். ஐந்தாம் நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அக்கா, முட்டையில ஒண்ணுமில்ல. சமையல்ரூம் ஓட்டைய நான் அடச்சுட்டேன். கேஸ் உள்ளயே நின்னுடுச்சு. எல்லாரையும் படுக்க வச்சது நான்தான். உன்னைத் திட்டி உள்ள அனுப்பினதும் நான்தான்."

அக்கா அவனைப் பார்த்தாள். கண் அகலமாக விரிந்தது. "நீயா?" என்றாள். "குட்டி உள்ள இருந்தாளேடா... நீயாடா?"

தான் வளர்த்த பிள்ளையைப் பார்க்கிற முகம் இல்லை அது. யாரோ ஓர் ஆளைப் பார்க்கிற முகம். அவனுக்கு அங்கேயே உயிர் போய்விடும் போல இருந்தது. மறுநாள் காலையில் போனால், "வாடா, குட்டி எப்பிடி இருக்கா?" என்று சிரித்தாள். எல்லாம் முதலிலிருந்து.

மறுபடி சொன்னான். மறுபடி அந்த முகம். அதற்கடுத்த நாளும். வேலைக்குப் போகிற வழியில் ஏழு மணிக்கெல்லாம் போய்விடுவான். ஒரு நாள் அக்கா அவன் கன்னத்தில் அறைந்தாள். ஒரு நாள், "போடா, உனக்குப் போய் டேப்பு ஒட்டத் தெரியாதா?" என்று நம்பாமல் சிரித்தாள், அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. ஒரு நாள் அவன் பிய்ந்த நகத்தைத் தடவிக்கொடுத்தாள். எந்த நாளில் எது விழும் என்று தெரியாமல் கதவைத் தள்ளுவான். அவளுக்கு அது தினமும் புதுச் செய்தி. அவனுக்கும் ஒரு நாள்கூடப் பழகவில்லை.

அத்தானுக்குப் பொறுக்கவில்லை. அந்த டாக்டரம்மாவின் முன்னால் கண்ணாடியைக் கழற்றிய நாளிலிருந்து அவர் டேப்புவின் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை. ஒரு நாள் நடைவழியில், எங்கேயோ பார்த்தபடி, மறித்துக்கொண்டு நின்றார்.

"தெனம் தெனம் எதுக்குடா அவளைக் கொல்ற? முட்டைதான்னு சொல்லிட்டுப் போயேன். நாளைக்கு மறந்துடப் போறா."

"நாளைக்கு மறந்துடுவா அத்தான். ஆனா இன்னிக்கு அழுவுறது நெசமா அழுவுறா. அவ செய்யாத தப்புக்கு அவ எதுக்கு அழணும்?"

"உன் மனசு ஆறுறதுக்கு நீ சொல்ற."

"ஆறலையே அத்தான்" என்றான் டேப்பு. "ஆறியிருந்தா ஒரு நாளோட நிறுத்தியிருப்பேன்."

அத்தான் வழியை விட்டார்.

கிடங்கிலும் அவன் பழைய ஆள் இல்லை. மெழுகுவத்தி சாய்ந்த இடத்தில் டேப்பை உருவாமல் நிற்பான். "இது எதுக்கு விட்ட ஓட்டை?" என்று காவலாளி முதற்கொண்டு எல்லோரையும் கேட்பான். ஒரு மணி நேர வேலைக்கு ஒரு பகல் பிடித்தது. மேலாளர் முகம் சுளித்தார், சுளிக்கட்டும். வீட்டில் மனைவி பேசத் தொடங்கியிருந்தாள், ஆனால் படுக்கப் போகும் முன் எழுந்து ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து வைப்பாள். அவன் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான்.

இப்படி இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியது. அக்கா எழுந்து நடந்தாள், தானே சாப்பிட்டாள். நினைவு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. நர்ஸ்கள் முகமே அவளுக்குத் தினமும் புதுசு. அவர்களுக்கு நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது.

அன்றைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை. மழை தூறியதால் டேப்பு கொஞ்சம் தாமதமாகப் போனான். அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாடா என்று சொல்லவில்லை. குட்டியைக் கேட்கவில்லை. தூக்கம் தெளியவில்லை போல என்று நினைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டான். தொண்டையைச் செருமினான்.

"அக்கா, முட்டையில ஒண்ணுமில்ல. அன்னிக்கு நான்தான்—"

"நேத்துதான் சொன்னியே" என்றாள் அக்கா.

டேப்பு பேயறைந்தவன் போல ஆனான். "என்ன... என்ன சொன்னேன்?"

"ஓட்டைய அடச்சது நீதான்னு. அடச்சுட்டு என்னையே திட்டினேன்னு." அவள் குரல் நடுங்கியது. "கேட்டதுலேர்ந்து மனசு ஆறவே இல்ல. முட்டை, முட்டைன்னு அந்தக் கத்து கத்தினியேடா. பச்சைப் பிள்ளைய உள்ள வச்சு ஜன்னல மூடச் சொன்னியேடா. போ இங்கேர்ந்து. உன் மொகத்தப் பாக்கவே எனக்குப் பிடிக்கல."

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவன் எழுந்தான். வெளியே வந்து கதவைச் சாத்தினான். நடைவழியில் அத்தான் பிளாஸ்க்கோடு வந்துகொண்டிருந்தார், வழக்கம் போல அவனைப் பார்க்காமல் தாண்டிப் போகப் பார்த்தார்.

"அத்தான், அக்கா என்னை வெளிய போகச் சொல்லிட்டா."

"சொல்லாம?"

"நேத்து நான் சொன்னது ஞாபகம் இருக்காம். என் மொகத்தப் பாக்கவே பிடிக்கலையாம்."

அத்தான் நின்றார். பிளாஸ்க்கைக் கீழே வைத்தார். நிமிர்ந்து, இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, டேப்புவின் முகத்தை நேராகப் பார்த்தார். "நேத்து சொன்னதா? நெசமாவா மாப்பிள்ளை?" என்று அவன் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "யாரு அங்க பேசறது? அவன் இன்னும் போகலையா?"

அந்தக் கோபம் அப்படியே இருக்கட்டும் என்று டேப்பு நினைத்தான். நாளைக்கும் இருக்கட்டும், வருடக்கணக்கில் இருக்கட்டும். இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நடைவழியில் நின்று அழுதார்கள்.